புரட்டாசியில் ஒரு ஸ்டேக்

சட்டியை மான்ட்ஃபர்டில் வாங்கினேன், முந்நூற்று நாற்பது ரான்ட்.
வார்ப்பிரும்பு. ஒரு கைக்குழந்தையின் கனம்.
வீட்டுக்குள் வரக்கூடாது என்று
அம்மா சொல்லவேண்டியிருக்கவில்லை.
கராஜில், பெயின்ட் டப்பாக்களுக்குப் பக்கத்தில்
இரண்டு நாள் கிடந்தது.

சாட்ஸ்வொர்த்தில் புரட்டாசி என்றால் புரட்டாசிதான்.
எங்கள் தெருவில் பாதி வீட்டில் முட்டைகூட இல்லை.
அண்ணி நொமுசா பதினாறு நாள் பருப்பும் பூசணியும் தின்றாள்,
யாரும் கேட்டுக்கொள்ளாமலே.
பதினேழாம் நாள் கிளினிக் சீட்டை மேஜைமேல் வைத்தாள்:
இரத்தத்தில் இரும்பு குறைவு.
"கோகி, எனக்கு ஒரு ஸ்டேக் வேண்டும்" என்றாள்,
மழை வரவேண்டும் என்பதுபோல், யாரையும் பார்க்காமல்.
அண்ணன் ரிச்சர்ட்ஸ் பேயில்
கப்பலுக்கு நிலக்கரி ஏற்றிக்கொண்டிருந்தான்.

நான் மாட்டுக்கறி தின்றதில்லை.
பள்ளி ஆய்வகத்தில் உதவியாள்;
அளவு தெரியும், இதன் ருசி தெரியாது.

கசாப்புக்கடை ஹூசைன் "யாருக்கு?" என்றார்.
அண்ணிக்கு என்றதும் கத்தியை மாற்றி எடுத்தார்.
இரண்டு விரற்கடை தடிமன், ஓரமெல்லாம் கொழுப்பு.
"குளிரோடு போடாதே, ஒரு மணி நேரம் வெளியே வை.
ஈரம் போக ஒற்றியெடு.
ஈரம் இருந்தால் அவியும், வறுபடாது.
போட்டபின் தொந்தரவு பண்ணாதே."
கடைசி வார்த்தையை
என் அம்மாவுக்கும் சேர்த்துச் சொன்னாரோ என்னவோ.

பின்வாசலில் ப்ராய் அடுப்பு. வாட்டில் கட்டை.
சட்டியிலிருந்து புகை எழும்வரை காத்திருந்தேன்.
எதிர்வீட்டுப் படையாச்சி ஆன்ட்டியின் திரைச்சீலை
ஒரு முழம் விலகியது.
போட்டேன்.
தாளிக்கிற சத்தம் எனக்குத் தெரியும்,
அது சொல்லவந்ததைச் சொல்லிவிட்டு அடங்கிவிடும்.
இது பேசிக்கொண்டே இருந்தது.

புரட்டினேன். கொழுப்பு ஓரத்தை இடுக்கியால் நிமிர்த்திப் பிடித்து
அது பொன்னிறமாகும்வரை நின்றேன்.
பிறகு வெண்ணெய், நசுக்கிய பூண்டு.
தைம் வாங்க மறந்திருந்தேன்.
கறிவேப்பிலை மரம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.
மரத்துக்கு இது புதுசு, எனக்கும்.
ஒரு கொத்து. படபடவென்று வெடித்து மணிக்கட்டைச் சுட்டது.
உருகிய வெண்ணெயைக் கரண்டியில் அள்ளி
மேலே மேலே ஊற்றியபோது
அபிஷேகம் என்று ஒரு நினைப்பு வந்தது.
உடனே விழுங்கிவிட்டேன்.

ஆய்வகத்து வெப்பமானியைச் செருகினேன்
(கழுவினேன், இரண்டு தடவை).
ஐம்பத்திரண்டில் எடுத்துப் பலகைமேல் வைத்தேன்.

ஆக்கப் பொறுத்தவர் ஆறப் பொறுக்கவேண்டும் என்பது
சோற்றுக்குச் சொன்னது என்றுதான் நினைத்திருந்தேன்.
ஏழு நிமிடம்.
நொமுசா படிக்கட்டில் முள்கரண்டியோடு உட்கார்ந்து
என் கைக்கடிகாரத்தையே பார்த்தாள்.

நாருக்குக் குறுக்கே அறுத்தேன்.
உள்ளே பழுத்த கொய்யாவின் நிறம்.
கல்லுப்பு தூவி, தட்டை நீட்டி,
"உப்பு சரியா?" என்றேன்.
பதில் இல்லை. கண்ணை மூடி மென்றாள்.
இரண்டாம் துண்டு. மூன்றாவது.
எனக்குத் தெரியாத ஒன்றை
நான் சரியாகச் செய்திருக்கிறேனா
என்று அவள் தாடையைப் பார்த்து ஊகிக்கவேண்டியிருந்தது.

"மாங்காய் அச்சார் எங்கே?" என்றாள் திடீரென்று.
எட்டு மாதத்தில் இந்த வீட்டில்
அவள் எதையும் எங்கே என்று கேட்டதில்லை.
வைத்ததைத் தின்றாள்.
நான் வாயைத் திறக்குமுன்
எழுந்து, அதே கையோடு,
சமையலறைக்குள் போனாள்.
நான் கூப்பிடவில்லை.

தூறல். சட்டி சுர்ரென்றது.
உப்பைக் கொட்டித் தேய்த்து, துடைத்து,
கராஜ் பூட்டியிருந்ததால், உண்மையில்
சாவி என் பையில்தான் இருந்தது,
உள்ளே கொண்டுவந்தேன்.

கோவிலிலிருந்து வந்த அம்மா அடுப்படியில் நின்றிருந்தாள்.
அச்சார்க் குப்பி மூடி திறந்து கிடந்தது.
சட்டியைப் பார்த்தாள்.
தன் பித்தளைப் பாத்திரத்தை ஒரு சாண் நகர்த்தினாள்,
எனக்கு இடம் விட்டா, எங்களை விட்டு விலகியா,
முதுகைப் பார்த்துச் சொல்லமுடியவில்லை.

"எண்ணெய் தடவி வை. துருப்பிடிக்கும்."

எந்த எண்ணெய் என்று கேட்டிருக்கலாம்.
நல்லெண்ணெய்க் குப்பி
அவள் பக்கம் இருந்தது.